வெரோணிக்கா கையில் முகம் தெரிகிறது: ஒரு நன்றி மடல்

அன்பான பங்கு மக்களே, நன்கொடையாளர்களே,

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு பாட்டி, இயேசுவின் பாடுகளைக் காட்டும் நம் புதிய சிலுவைப் பாதைப் படங்களில் ஆறாம் நிலைக்கு முன்னால் நகராமல் நின்றார். “இந்தத் துணியில ஆண்டவர் முகம் இருக்கே! இத்தனை வருஷம் தெரியலையே.” எப்படித் தெரியும்? ஜன்னல் வெயிலும் டியூப் லைட்டும் சேர்ந்து பழைய அச்சுப் படங்களை வெளுக்க வைத்திருந்தன. இயேசுவின் முகத்தைத் துடைத்து, அந்த முகம் பதிந்த துணியை ஏந்தி நிற்க வேண்டிய வெரோணிக்கா, வெறும் வெள்ளைத் துணியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் நன்றி, 14 நிலைகளையும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுத்த நம் ஓவியருக்கு. இரண்டு வருட உழைப்பு. சட்டத்துக்குக்கூடக் காசு வாங்கவில்லை. நிலைகள் பதினான்கு என்று 1731இல் உறுதிசெய்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட். ஒன்பதாவதை வரையும்போது ஓவியர் அவரைக் கொஞ்சம் நொந்துகொண்டதாகக் கேள்வி.

பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்இடி விளக்குகள் அத்தனையும் வாங்கிக் கொடுத்த குடும்பத்துக்கு என்ன சொல்வது? இவற்றில் புற ஊதாக் கதிர் அநேகமாக இல்லை, படத்தின் மேல் சூடும் அடிக்காது. ஆனால் முதல் நாள் இரவு போட்டுப் பார்த்தால், வார்னிஷ் பளபளத்து படத்துக்குப் பதில் பல்புதான் தெரிந்தது! எலெக்ட்ரீஷியன் தம்பி முகம் சுளிக்காமல் பதினான்கையும் கழற்றி, சாய்வை முப்பது டிகிரிக்கு மாற்றினார். எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்று மீட்டர் வைத்துக் குறைத்தார். பழைய சுண்ணாம்புப் பூச்சை ஓரிடத்தில்கூடக் கொத்தாமல், சுவர் விளிம்பின் மேலேயே வயரைக் கொண்டுபோனார்.

கொத்தனார் அண்ணனுக்குத் தனி நன்றி. முன்பு ஒருமுறை நாங்களே அவசரப்பட்டு சிமெண்ட் பூசி, ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உதிர்ந்தது. இந்த முறை ஆணித் துளைகளைக்கூட அவர் சுண்ணாம்பால்தான் அடைத்தார். ஈரம் படத்தில் ஏறாமல் இருக்கச் சட்டங்களுக்குப் பின்னால் மரத்துண்டு வைத்துக் காற்றுக்கு இடம் விட்டதும் அவர் யோசனைதான்.

அப்புறம், சாரத்துக்குக் கீழேயே ஒத்திகை பார்த்த பாடகர் குழு, தூசி துடைத்த இளைஞர்கள், தினமும் கதவு திறந்த உபதேசியார், எல்லாவற்றுக்கும் சரி சொன்ன பங்குத்தந்தை, எல்லோருக்கும் நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள்: படங்களுக்குக் கீழே மெழுகுதிரி ஏற்றாதீர்கள், கரி படியும். பழைய படங்கள் பீடத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கின்றன. மந்திரித்தவை, அதாவது குருவானவர் ஆசீர்வதித்தவை என்பதால் தூக்கிப்போட மனமில்லை. வீட்டுக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஆறாம் நிலையை மட்டும் அந்தப் பாட்டி கேட்டுவிட்டார்.

அன்புடன்,
பங்குப் பேரவைச் செயலர்