போலி மின்னஞ்சல்: ஸ்கிரீன்ஷாட் போதாது

ஆசிரியருக்கு,

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் காலம் வந்தாலே, 'ரீஃபண்டு தயார், வங்கி விவரத்தை உறுதி செய்யவும்' என்ற போலி மின்னஞ்சல்களும் வரத் தொடங்கிவிடும். புகார் செய்ய முன்வருபவர்களில் பலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதோடு நின்றுவிடுகிறார்கள். அதைக் கொண்டு துப்புத் துலக்குவது கடினம். அனுப்புநர் என்று திரையில் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எந்த சர்வரிலிருந்து, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வந்தது, அனுப்பிய டொமைன் (இணைய முகவரிப் பெயர்) உண்மையானதா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். சோதனைகளில் அஞ்சல் தேறியதா என்பதெல்லாம் ஹெடரில்தான் (அஞ்சலோடு மறைவாக வரும் பயண விவரத்தில்தான்) இருக்கும். (தேறியதாலேயே நல்ல அஞ்சல் ஆகிவிடாது, சொந்த டொமைன் வாங்கி வைத்திருக்கும் மோசடிக்காரரும் தேறிவிடுவார்.) வழக்கம்போல ஃபார்வர்டு செய்தால் அந்த ஹெடர் கழன்று, உங்களுடைய ஹெடர் ஏறிவிடும்.

ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அந்த மின்னஞ்சலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்', பிறகு 'டவுன்லோடு ஒரிஜினல்' கொடுத்தால் ஹெடரோடு முழு அஞ்சலும் அடங்கிய இ.எம்.எல். கோப்பு இறங்கும். அதை இணைத்து வருமான வரித் துறையின் வெப்மேனேஜர் முகவரிக்கும், நகலை இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் இன்சிடென்ட் முகவரிக்கும் அனுப்ப வேண்டும். இரண்டு முகவரிகளும் துறையின் இணையதளத்தில் உள்ளன. ஸ்பேம் பெட்டிக்குப் போன அஞ்சல் 30 நாளில் தானாக அழிந்துவிடும்; அதற்குள் கோப்பை எடுத்துவிடுங்கள்.

பணமே போய்விட்டதென்றால் இதற்கெல்லாம் நேரமில்லை. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் கணக்குக் கணக்காகத் தாவி ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுவதற்குள் வங்கி முடக்கினால்தான் உண்டு. தொகை, நேரம், பரிவர்த்தனை எண் (யு.பி.ஐ. என்றால் 12 இலக்கம்) கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யும்போது அதே இ.எம்.எல். கோப்பு தேவைப்படும். தொலைத்தொடர்புத் துறையின் 'சக்ஷு' தளம் அழைப்பு, எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப் மோசடிகளுக்கானது, மின்னஞ்சலுக்கு அல்ல.

மோசடி இல்லாத வெறும் விளம்பரக் குப்பைக்குத்தான் போக்கிடமே இல்லை. தொல்லை விளம்பரப் புகார் எண்ணான 1909-ம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகளும் தொலைபேசி அழைப்பு, எஸ்.எம்.எஸ். இரண்டுக்கும்தான். அனுப்புநரை மறைத்துத் தொல்லை தரும் மின்னஞ்சலைத் தொட்ட ஒரே பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. பேச்சுரிமையை நெரித்த அந்தப் பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது சரியே. ஆனால் அந்த இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. ஆள்மாறாட்ட மோசடிக்கு மட்டும் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

மின்னஞ்சலுக்கும் 1909 போல ஒரே முகவரியை மத்திய அரசு அறிவித்து, இ.எம்.எல். கோப்பை அப்படியே ஏற்றுப் புகார் எண் தர வேண்டும்.

– மின்னஞ்சல் சர்வர் நிர்வாகி, கோவை