கம்ப்பளம்

மும்பை,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டாதே. பி.எட். பயிற்சிக்கு என்னைத் தாராவியில் ஒரு தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் போட்டிருக்கிறார்கள், ஆறாம் வகுப்பு. தினமும் செம்பூரிலிருந்து பஸ். நாம் இட்லிக்குக் கடன் சொன்ன 90 அடி ரோட்டு மூலையைத் தாண்டித்தான் போகிறேன்.

போன வாரம் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு அட்டையை நீட்ட வேண்டும். முதலில் பத்தி. நன்றாக வாசித்தால் கதைக்கு ஏறலாம், மூன்று பிழைக்கு மேல் போனால் சொல்லுக்கு இறங்க வேண்டும். ஐந்து சொல்லில் நாலு தேறாவிட்டால் எழுத்து. 2005இலிருந்து பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் 'அசர்' என்ற கல்விக் கணக்கெடுப்பின் வழி இது. அந்தப் பிரதமும் 1995இல் நம்ம பம்பாய்க் குடிசைப் பகுதிகளில் தொடங்கியதுதான். எனக்கு இந்த முறைமேல் மரியாதை உண்டு. கோடிட்ட இடத்தைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து நிரப்பிவிடலாம், வாய்விட்டு வாசிப்பதைக் காப்பியடிக்க முடியாதே.

ஆனால் ஒரு பையன் என்னைத் திணறடித்துவிட்டான். போன வருஷம்தான் மராத்திப் பள்ளியிலிருந்து மாறி வந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி. 'கம்பளம்' என்பதைக் 'கம்ப்பளம்' என்றான். 'பந்தயம்', 'பன்த்தயம்' ஆனது. 'சங்கிலி', 'சங்க்கிலி'. நான் சுழித்துக்கொண்டே போனேன். சொல்லுக்கு இறக்கினேன், அங்கேயும் அதே கதை. எழுத்துக்கு வந்தால் ஒன்றில்கூடப் பிழையில்லை! 'எழுத்து நிலை' என்று கட்டத்தில் எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவனும் நின்றான். தூரத்தில் வந்த பஸ்ஸின் நெற்றியில் மராத்தி எண். நான் கண்ணைச் சுருக்குவதற்குள் எண்ணையும் ஊரையும் வாசித்து, "டீச்சர், இது உங்க பஸ் இல்ல" என்றான். அப்போதுதான் உறைத்தது. அவன் படித்துவந்த எழுத்தில் ப-வுக்கு நாலு, க-வுக்கு நாலு, ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி. நம்மிடம் ஒரே ப. அது ம்-முக்குப் பின்னால் வந்தால் மெத்தென்று ஆகிவிடும் என்பதை நாம் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வாய்ப்பழக்கம். அவனோ கண்ணில் பட்ட எழுத்தைப் பிசகாமல் ஒலித்திருக்கிறான். மறுநாள் அதைச் சொல்லிக்கொடுத்து, அதே பத்தியை நீட்டினேன். ஒரே ஒரு பிழை. கதையையும் வாசித்து, ஆட்டைத் திருடியவன் யார் என்று எனக்கே விளக்கினான். கதையைத் தண்ணீராய்க் குடித்த ஒரு பெண்ணிடம் முந்தின நாள் அதையே கேட்டபோது முழித்தாள்டீ. அவளுக்கு 'கதை நிலை' போட்டிருக்கிறேன்.

வேகக் கணக்கு வேறு. 2021இல் வந்த நிபுண் பாரத் என்ற மத்திய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில், மூன்றாம் வகுப்புக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் இலக்கு. 'வா' ஒரு சொல், 'விளையாடிக்கொண்டிருந்தவர்களிடம்' என்பதும் ஒரு சொல். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான் என்னத்தை எண்ண? பழத்தைப் 'பளம்' என்றாலும் பிழையாம். அப்படிப் பார்த்தால் எங்க அம்மா இன்னும் எழுத்து நிலையில்தான் நிற்க வேண்டும்.

பையனுடைய தாளில் ஓரமாக நாலு வரி விளக்கம் எழுதிக் கொடுத்தேன். கட்டத்துக்கு வெளியே எழுதக்கூடாது என்று திரும்பி வந்துவிட்டது. நிலையை மட்டும் மாற்றி, அந்த நாலு வரியை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் மகள் இப்போது எழுத்துக்கூட்டுகிறாளாமே. 'கம்பளம்' என்று எழுதிக் காட்டு. என்ன சொல்கிறாள் என்று அப்படியே எழுது, நீ திருத்தாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி