மாமாவின் காலும் உன் செதிலும்

காசிமேடு,
ஞாயிற்றுக்கிழமை

மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான் மாமாவின் ரிப்போர்ட் கைக்கு வந்தது. புற்றுநோய்.

லாஞ்சில் இன்ஜின் சைலன்சர் பட்டு அவர் முழங்காலுக்குக் கீழே வெந்துபோனதே, நாம் ஐ.டி.ஐ. படித்த காலம், ஞாபகம் இருக்கிறதா? முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தழும்பு வெடிப்பதும் நீர் கசிவதும் காய்வதுமாகவே இருந்தது. உப்புத் தண்ணீரில் நிற்கிற தொழில், அப்படித்தான் இருக்கும் என்று அவரும் சொன்னார், நாங்களும் விட்டுவிட்டோம். போன ஆடியில் புண்ணின் ஓரம் காலிஃபிளவர் மாதிரி தடித்தது, நாற்றமும் வந்தது. முதலில் பார்த்த டாக்டர் இரண்டு மாதம் ஆயின்மென்ட் தந்தே ஓட்டினார். அடுத்துப் பார்த்த டாக்டரம்மாதான் ஓரத்தில் மூன்று இடத்தில் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். மார்ஜொலின் புண் என்று பெயராம். 1828-இல் இதுபோன்ற புண்ணைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர். தோல் ஓயாமல் சிதைந்து ஓயாமல் வளரும்போது செல் பிரிவதில் பிழை சேர்ந்துவிடுகிறது. வெட்டி எடுத்துவிட்டுத் தொடைத் தோலை ஒட்டியிருக்கிறார்கள். அரையில் நெறி கட்டவில்லை, கால் தப்பியது.

தோல் செதிலாக உதிரும் உன் சொரியாசிஸும் இப்படி ஆகிவிடுமோ என்றுதானே பயந்து எழுதியிருக்கிறாய்? அந்த அம்மாவிடமே கேட்டேன். செதில் புற்றாக மாறாது என்றார். நோய் கடுமையாக, நெடுநாள் இருப்பவர்களுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அதிலும் புகைப்பதற்கும் குடிப்பதற்கும் பங்கு உண்டாம். (உன் பீடியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.) ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு விளக்குப் பெட்டிக்குள் நிற்பாயே, அந்த பூவா (PUVA) சிகிச்சை, மொத்தம் எத்தனை தடவை என்று கேட்டார். நூற்றுக்கணக்கில் போயிருந்தால் தோல் புற்றுக்கு வாய்ப்புக் கூடுமாம். பழைய சீட்டுகளை எடுத்து எண்ணிப் பார். ஏதாவது ஒரு திட்டு மட்டும் மருந்துக்கு அடங்காமல் தடித்தால், சதை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேள். பார்வைக்குச் சொரியாசிஸ் போலவே இருக்கும் தோல் லிம்போமாவும் உண்டாம்.

வேட்டியை வருஷக்கணக்கில் இறுக்கிக் கட்டி, தோல் உராய்ந்து இடுப்பில் புற்று வருவதை 1945-லேயே கனோல்கர் என்ற நம் நாட்டு மருத்துவர் எழுதியிருக்கிறார். இதை என் மனைவியிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே பாவாடை நாடாவைத் தளர்த்திவிட்டு, பட்டைப் பாவாடை தைக்க டெய்லரிடம் போய்விட்டாள்.

உன் முதுகை மாதம் ஒருமுறை தங்கச்சியைப் பார்க்கச் சொல். பொங்கலுக்கு வா, வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன். தொட்டால் ஒட்டுகிற நோயில்லை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த முழுக்கைச் சட்டையை ஊரிலேயே விட்டுவிட்டு வா.

உன் மச்சான்