ஐந்து பாகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்: பெங்களூர்த் தமிழ் வாசிப்பு வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூர் அடுக்ககங்களிலும் அலுவலக நண்பர் குழுக்களிலும் மாதம் ஒருமுறை கூடித் தமிழ்ப் புத்தகம் பேசும் வட்டங்களில், பட்டியல் போடும் பொறுப்பில் இருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுத் தொடக்கத்தில் எந்த வட்டத்தின் பட்டியலை வாங்கிப் பார்த்தாலும் பாதி ஒன்றுபோலத்தான் இருக்கிறது. பொன்னியின் செல்வன் கட்டாயம் உண்டு. அடுத்து அந்த ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நூல், படமாக வந்த நாவல் ஒன்று, மிச்சத்துக்கு ஒரு தன்னம்பிக்கைப் புத்தகம். கல்கிமேல் எனக்குப் பகை ஏதுமில்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்து வாசகரை இழுத்துப்போன கதையை மாதம் ஒரு பாகமாக வைத்துப் பேசப் பார்ப்பதுதான் சிக்கல். மூன்றாம் பாகத்துக்குள் ஒரு சாரார் ஐந்தையும் ஓட்டி முடித்திருப்பார்கள்; இன்னொரு சாரார் வீரநாராயண ஏரிக்கரையிலேயே வந்தியத்தேவனோடு நின்றுகொண்டிருப்பார்கள். அந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாகப் பேச என்ன இருக்கிறது?

இந்த ஊரில் இருந்துகொண்டு படிப்பதற்கென்றே அமைந்த புத்தகங்கள் தமிழில் நிறைய வந்துவிட்டன. கன்னடத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தவற்றையும், இலக்கியம் என்று தனியாக மதிக்கப்படாத வகைகளையும் உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அண்மையில் ரசித்துப் படித்தவற்றை மட்டும் சொல்கிறேன். எதை எப்படி வைத்தால் கூட்டம் ஓடும், எங்கே படுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் வைக்க வேண்டியது காச்சர் கோச்சர். விவேக் ஷான்பாக் எழுதியது, தமிழில் கே. நல்லதம்பி. ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறிய நாவல். வெளிவட்டச் சாலையில் தினமும் இரண்டு மணி நேரத்தைத் தொலைக்கிறவர்களும் முடித்துவிட்டு வருவார்கள். இதே பெங்களூரில், மாதச் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து வாழ்ந்த குடும்பத்துக்குச் சித்தப்பாவின் மசாலா வியாபாரத்தால் திடீரென்று பணம் வருகிறது. அதன் பிறகு வீட்டில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், எந்தப் பேச்சு சாப்பாட்டு மேசைக்கு வராமல் நிற்கிறது என்பதுதான் கதை. ஷான்பாக் எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை. அதனாலேயே படிப்பவருக்குக் குளிர் எடுக்கிறது.

இதைப் பேசும் கூட்டங்கள் கெட்டுப்போவது ஒரே இடத்தில். எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குத் தாவி, ‘நடந்ததா, நடக்கவில்லையா’ என்று துப்பறியத் தொடங்கிவிடுவார்கள். பணத்தைப் பற்றிய பேச்சு அப்படியே அமுங்கிப்போகும். ஆகவே வரிசையை நீங்களே வகுத்துவிடுங்கள். பழைய வீட்டில் எறும்புகளோடு நடக்கும் போரை முதலில் எடுங்கள். அடுத்து, சித்தப்பாவைத் தேடி ஒரு பெண் வாசலில் வந்து நிற்கும் காட்சியை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். அந்தக் காட்சியில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று கேட்டுவிட்டு, கடைசி அரைமணி நேரத்தில் முடிவுக்கு வாருங்கள். அதற்குள் விடை தேடும் அவசரம் தணிந்திருக்கும்.

மொழிபெயர்ப்பு வாங்கும்போது தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மூலத்தின் தலைப்பும் மொழியும் அங்கே இருக்க வேண்டும். கன்னட நூல் ஆங்கிலம் வழியாக வந்திருந்தால், நேர்மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று தேடிய பிறகே வாங்குங்கள். உறவுமுறை, நீ–நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு, சாப்பாட்டுப் பெயர் எல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் உதிர்ந்துவிடும். கன்னடம் வீட்டு வாசலிலேயே புழங்கும் ஊரில் நமக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

நேமிசந்திராவின் யாத் வஷேமையும் நல்லதம்பிதான் தமிழாக்கினார். மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமி பரிசு 2022இல் அதற்குக் கிடைத்தது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிப் பெங்களூருக்கு வந்து சேர்ந்த யூதப் பெண், வயதான பிறகு தன் குடும்பத்தைத் தேடிக்கொண்டு போகும் கதை. தகவல் செறிவு அதிகம், சில பக்கங்கள் வரலாற்றுப் பாடமாகவே நகர்கின்றன. அந்தக் குறையோடும் பரிந்துரைக்கிறேன், போரை இந்த ஊர்த் தெருவிலிருந்து பார்க்கும் கோணம் வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது.

சித்தலிங்கையாவின் தன்வரலாறு ஊரும் சேரியும் பாவண்ணனின் மொழிபெயர்ப்பில் வந்தது. கர்நாடகத்துத் தலித் இயக்கமான தலித் சங்கர்ஷ சமிதியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கவிஞர், ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவர். அந்தப் பகுதித் தமிழர்களுக்கு இது அடுத்த வீட்டுக் கதை. துயரத்தைச் சொல்லும் புத்தகம் என்று முன்னுரை கொடுத்து விடாதீர்கள். மனிதர் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். எங்கே சிரித்தோம் என்று நினைத்துப் பார்க்கும்போதுதான் சுருக்கென்கிறது. துண்டு துண்டான நினைவுகள் என்பதால், முழுதும் படிக்காதவரும் நான்கு அத்தியாயம் படித்துவிட்டுப் பேச்சில் கலந்துகொள்ளலாம். அரைகுறையாகப் படித்து வருபவரை வெளியே நிறுத்தாத புத்தகம் ஆண்டுக்கு இரண்டாவது வேண்டும்.

பருவம் வேறு ரகம். எஸ்.எல். பைரப்பாவின் மகாபாரத நாவல். பாவண்ணனின் தமிழாக்கத்துக்கு 2005இல் அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. வரமில்லை, சாபமில்லை, தேவர்கள் இறங்கி வருவதுமில்லை. சல்லியனில் தொடங்கி குந்தி, பீமன், திரௌபதி என ஒவ்வொருவர் நினைவுக்குள்ளும் புகுந்து போர் நெருங்குகிறது. ஒரு மாதத்தில் முடியவே முடியாத அளவு. இதை வைப்பதானால் நான்கு மாதம் ஒதுக்குங்கள். பக்கக் கணக்கில் பிரிக்காமல் பாத்திரக் கணக்கில் பிரியுங்கள், ஏனென்றால் ஒருவர் நினைவு ஓட்டம் நடுவில் அறுந்தால் அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரு தாளில் குலவரிசை எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். நியோகம் (கணவன் அல்லாத ஒருவர் மூலம் பிள்ளை பெறும் பழைய வழக்கம்) பற்றிய பகுதிகளில் பக்தியோடு வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். பாரதத்தை மனிதர்களின் கதையாகத் திருப்பி எழுதியிருக்கிறார் என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும். மீதிப் பாதி நடக்கட்டும், நல்ல சண்டைதான்.

இனி மற்ற வகைகள். துப்பறியும் கதை என்றாலே ரயில் பயணத்துக்கு என்று ஒதுக்குகிறவர்கள் அம்பையின் அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பைப் படிக்க வேண்டும். மும்பையில் துப்பறியும் தொழில் செய்யும் சுதா குப்தாவைச் சுற்றி மூன்று நீண்ட கதைகள். கொலையாளி யார் என்ற முடிச்சுக்காகப் படித்தால் ஏமாற்றம்தான். குடும்பத்துக்குள் நடக்கும், காவல் நிலையம் வரை போகாத குற்றங்களே அம்பைக்குப் பொருள். முடிச்சு அவிழும் இடத்தைவிட சுதா ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்க்கும் முதல் இரண்டு பக்கங்களைப் பேசுங்கள்.

பூமணியின் வெக்கை 1982இல் வந்தது. அசுரனைப் பார்த்த பிறகு இதைக் கையில் எடுக்கிறவர்கள், படத்தில் வந்த அப்பாவின் இளமைக்கால முன்கதையைத் தேடிவிட்டு ‘விட்டுவிட்டாரே’ என்பார்கள். படத்துக்காகச் சேர்த்த பகுதி அது. நாவலில் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் எட்டு நாள்கள், அவ்வளவுதான். கையை மட்டும் வெட்ட நினைத்தவன் எப்படிக் கொலைகாரன் ஆனான் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் பக்கம் நிற்காமல் ஓடுவதற்குக் காரணம், பசியும் தூக்கமும் சமையலுமாக அவர்கள் நேரத்தைக் கடத்தும் விவரணைதான். கரிசல் பேச்சு இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு முதல் இருபது பக்கம் தடுக்கும். கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். காதில் விழுந்தால் பாதி புரிந்துவிடும். மீதிக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

அறிவியல் புனைவுக்கு சுஜாதாவின் என் இனிய இயந்திரா. ஜாலஹள்ளி பி.இ.எல்.லில் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) வேலை பார்த்த மனிதர் எழுதியது, இந்த ஊருக்குச் சொந்தம் கொண்டாட இன்னொரு காரணம். 1980களில் தொடராக வந்தபோது தூர எதிர்காலமாக இருந்த 2020களின் தொடக்கத்தில்தான் கதை நடக்கிறது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மக்கள் பெயரை இரண்டெழுத்தில் அடக்கி, பிள்ளை பெறவும் அனுமதி வாங்க வைக்கும் அந்த ஆட்சி எப்படி மக்களிடம் செல்வாக்கோடு இருக்கிறது என்பதே அதில் கெட்டியான கேள்வி. இயந்திர நாய் ஜீனோவின் வாய்த்துடுக்கில் அது மறைந்துகிடக்கிறது.

கட்டுரை நூல்களை முழுதாகப் படித்துவரச் சொல்லவே வேண்டாம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் அந்தக் காலத்தில் காப்பி இல்லை தொகுப்பில் தலைப்புக் கட்டுரை ஒன்றே ஒரு மாலைக்குப் போதும். இன்று நம் பண்பாட்டின் அடையாளமாக நாம் டம்ளரும் டபராவுமாகக் காட்டும் காப்பி, எவ்வளவு அண்மையில், எந்த எதிர்ப்பைத் தாண்டி வந்தது என்பதைப் பழைய பத்திரிகைகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் எடுத்துக் காட்டுகிறார். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள், வேடிக்கையில் பாதி அங்கேதான். அதில் ருசி கண்டவர்களுக்கு அடுத்தது 2024க்கான அகாதெமி பரிசு பெற்ற திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908. பரிசு நூல்களை ஒதுக்கச் சொல்வதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 2023இல் பெற்ற தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம்கூட எனக்கு மிகவும் பிடித்தது. பரிசு பெற்றது என்பது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்கிறேன்.

இயற்கை எழுத்தில் மா. கிருஷ்ணனின் மழைக்காலமும் குயிலோசையும், சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. கட்டுரைகள் சிறியவை. லால்பாக்கில் காலை ஆறரைக்குக் கூடி, ஒரு கட்டுரை படித்துவிட்டு நடக்கலாம். பறவைகளின் தமிழ்ப் பெயர்களைப் படக் கையேட்டோடு முன்கூட்டியே ஒருவர் ஒத்துப் பார்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடை முழுதும் பெயர் வழக்கிலேயே போய்விடும். (நாவலாசிரியர் ஆ. மாதவையாவின் மகனான கிருஷ்ணன் ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.)

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்களைப் பலர் அச்சிடுகிறார்கள். விலை குறைந்த பதிப்பில் எழுத்துப் பிழையும், சில நேரம் பத்தி விடுபடலும் இருக்கும். வட்டம் முழுவதும் ஒரே பதிப்பை வாங்குங்கள். இல்லையென்றால் ‘எந்தப் பக்கம்?’ என்பதிலேயே கால்மணி நேரம் போகும். டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் ஒரு பாரம் (மடித்த ஒரு அச்சுத்தாள்) பெரும்பாலும் 16 பக்கம். பைண்டிங்கில் பாரம் விட்டுப்போனாலும் இரட்டித்து விழுந்தாலும் அந்த எல்லைகளில்தான் தெரியும், பக்க எண்களை அங்கங்கே ஓட்டிப் பாருங்கள். 500 பக்கத்துக்கு மேலான நூலில் முதுகை வெறும் பசையால் ஒட்டியிருந்தால், நான்கு கை மாறுவதற்குள் நடுப்பகுதி கழன்றுவிடும். நடுவில் விரித்து நூல்தையல் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுழற்சிக்கு வைக்கும் நூலில் ஐந்து பேருக்கு ஒரு பிரதியாவது இருக்கட்டும்.

இன்னொன்று, பட்டியலை டிசம்பரிலேயே பூட்டிவிடாதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குத்தான் புது நூல்களும் மறுபதிப்புகளும் குவியும். பதிப்பகத்தார் அந்த நாள்களில் அரங்கில் இருப்பதால் அஞ்சலில் வரும் ஆர்டர்கள் தாமதமாகும். பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குக் கையிருப்பில் உள்ளதை வையுங்கள், மூன்று மாதங்களைக் காலியாக விடுங்கள். பல தலைப்புகள் இப்போது சிறு எண்ணிக்கையில் அச்சாகித் தீர்ந்துவிடுகின்றன. மாதம் குறிப்பதற்கு முன் பிரதி உண்டா என்று பதிப்பகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகளுக்கு நீதிக்கதைத் தொகுப்பைக் கொடுத்தால் ஓடிவிடுகிறார்கள். முத்து காமிக்ஸ் 1972இலிருந்து செய்துவருவதை நாமும் செய்யலாம்: படம் இழுக்கும், எழுத்து பின்னால் வரும். பேச்சுக் குமிழி எழுத்து பொடியாக இருக்கும் என்பதால் பாத்திரத்துக்கு ஒரு பிள்ளையாகப் பிரித்துப் பெரியவர் ஒருவர் விரல் வைத்துக் காட்ட வேண்டும். கொஞ்சம் படிக்கப் பழகியவர்களுக்கு இரா. நடராசனின் ஆயிஷா. மிகச் சிறிய புத்தகம், பெரியவர்களையும் உட்கார வைக்கும்.

டிசம்பர் மாதத்துக்கு நாடகம் வையுங்கள். கிரீஷ் கர்னாடின் நாகமண்டலம் பாவண்ணன் மொழிபெயர்ப்பில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. யாரும் வீட்டில் படித்து வர வேண்டியதில்லை, அங்கேயே குரல் பிரித்துப் படித்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கணவன் அப்பண்ணாவையும் அவன் உருவில் வரும் நாகனையும் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டையும் ஒருவரே செய்யும்படி எழுதப்பட்டது அது, குரல் மாறினால் மனைவி ராணியின் குழப்பம் நமக்கு வராது. கோயிலில் கூடி வம்பளக்கும் தீபச்சுடர்களைக் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம், ஆளுக்கு நாலு வரிதான். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் போக எட்டுப் பேர் மிஞ்சினாலும் பாத்திரங்களுக்குப் போதும்.

அன்புடன்,
பெங்களூர் வாசகர் ஒருவர்