இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவம் இந்த வாரத்துடன் நிறைவடைகிறது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது. அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றார்கள். தேர்வு விடைத்தாள்கள் விடுமுறைக்கு முன் வழங்கப்பட்டுவிடும். இவை அனைத்துக்கும் துணைநின்ற உங்களுக்குப் பள்ளியின் சார்பில் நன்றி.

எனினும், இக்கடிதத்தை எழுதத் தூண்டியது வேறொன்று. மூன்று வாரங்களுக்கு முன், தொலைவில் ஓரிடத்தில் பலர் உயிரிழந்த, நாம் அனைவரும் அறிந்த அந்தத் துயரச் செய்தி வந்த மறுநாள், நான்காம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் ஆசிரியரிடம், "இந்தக் கட்டடம் இடியாதுதானே?" என்று காலையிலிருந்து நான்கு முறை கேட்டிருக்கிறார். இன்னொரு குழந்தை கழிப்பறைக்குத் தனியாகப் போக மறுத்தது. இரண்டு பேர் வயிற்றுவலி என்று படுத்துவிட்டார்கள். விசாரித்தபோது, எல்லோரும் அந்நிகழ்வைக் காட்டும் ஒரே காணொளியைப் பார்த்திருப்பது தெரியவந்தது. அது தொலைக்காட்சியில் வந்ததன்று. வீட்டுப்பாடம் அனுப்புவதற்காக நாம் வைத்திருக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், 'விழிப்புணர்வுக்காக' என்ற குறிப்புடன் பகிரப்பட்டது. கணக்குப் பாடத்தைப் பார்க்கக் கைபேசியை வாங்கிய குழந்தைகள், பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லாத நேரத்தில், அதையும் பார்த்திருக்கிறார்கள்.

ஒரே காட்சியை நாம் பத்து முறை பார்த்தாலும், நடந்து முடிந்த ஒரு நிகழ்வைத்தான் பார்க்கிறோம் என்பது நமக்குத் தெரியும். சிறு குழந்தைக்கு அது பத்து முறை நடக்கிறது. எங்கோ தொலைவில் நடக்கிறது என்பதும் அதற்குப் புரிவதில்லை. பெரியவர்களுக்கு மட்டும் இதில் முழுப் பாதுகாப்பு உண்டு என்றும் சொல்வதற்கில்லை. 2013ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பின் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், தொடர்ந்த வாரத்தில் நாளொன்றுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ அச்செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்திலோ அதன் அருகிலோ இருந்தவர்களைவிடவும் அதிகமான மன அழுத்த அறிகுறிகளைத் தெரிவித்திருந்தார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

நம் குழந்தைகளின் அச்சம் தெரியவந்த நாள் முதல், காலை வழிபாட்டுக்குப் பின் பத்து நிமிடம் எளிய யோகப் பயிற்சி நடத்தி வருகிறோம். நின்றபடி தாடாசனம், ஒற்றைக் காலில் விருட்சாசனம், மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்து ஓய்வெடுக்கும் பாலாசனம், பிறகு மூச்சு, இவ்வளவுதான். அச்சம் ஏற்படும்போது இதயம் விரைகிறது, வயிறு இறுகுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. இவற்றுள் நாம் நினைத்தவுடன் மாற்றக்கூடியது மூச்சு ஒன்றே. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. மூச்சை அடக்கி வைக்கும் பயிற்சி எதையும் குழந்தைகளுக்குக் கற்பிப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் தமக்கு இயன்ற அளவில் செய்கிறார்கள். வண்டு போல ரீங்கரிக்கும் பிராமரி மூச்சை முதல் நாள் செய்தபோது அரங்கமே சிரித்துவிட்டது. நான் கண்டிக்க எழுந்தேன். "சிரிப்பும் நீண்ட வெளிமூச்சுதானே, விட்டுவிடுங்கள்" என்று யோகா ஆசிரியர் தடுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான்.

வீட்டில் இதைத் தொடர விரும்புவோர், உறங்கும் முன் ஐந்து நிமிடம் குழந்தையுடன் சேர்ந்து செய்யுங்கள். "போய் யோகா செய்" என்று அனுப்புவது தண்டனை போலாகிவிடும். அதைவிட முக்கியமானது, குழந்தையின் கேள்வியை அடக்குவதற்கு மூச்சுப் பயிற்சியைப் பயன்படுத்தாதிருப்பது. என்ன நடந்தது என்று கேட்டால், வயதுக்கேற்ற உண்மையை இரண்டு மூன்று வாக்கியங்களில் முதலில் சொல்லுங்கள். மூச்சு அதற்குப் பிறகு. உறக்கமின்மையோ தனித்திருக்க அஞ்சுவதோ சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், ஆசனங்களை நம்பிக் காத்திருக்காமல் பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ அணுகுங்கள்.

பரிவைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், மூச்சை வெளிவிடுவதால் மனம் தெளியும் என்று கூறும் சூத்திரத்துக்கு முந்தையது, மைத்ரி எனும் நட்புணர்வு, கருணை ஆகியவற்றால் மனம் தெளியும் என்று கூறுகிறது. இந்த வரிசையை நான் இதுவரை கவனித்ததில்லை. இம்முறை அதன் பொருத்தம் கண்ணெதிரே தெரிந்தது. பாதிக்கப்பட்ட பகுதியில் உறவினர்கள் உள்ள மாணவி ஒருவரை இடைவேளையில் சிலர் சூழ்ந்துகொண்டு, "உங்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேள்விமேல் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதில் கொடுமை இல்லை, ஆர்வம்தான். ஆனாலும் அம்மாணவி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது, வகுப்புத் தோழி ஒருவர் எதுவும் கேட்காமல், தவறிப்போன பாடங்களை எழுதி வைத்திருந்த ஏட்டை நீட்டினார். எங்கோ நடந்ததை நம்மால் மாற்ற இயலாது என்ற கையறுநிலையில் தவித்த அந்தத் தோழிக்கும் அன்று செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. அதன்பின் ஐந்தாம் வகுப்பினர் தாமாகவே முன்வந்து, இடைவேளைகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுடன் விளையாடி வருகிறார்கள்.

இப்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், கதறி அழுபவர்கள் ஆகியோரின் படங்களோ காணொளிகளோ, எந்த நோக்கத்துக்காகவும், வகுப்புக் குழுக்களில் பகிரப்படக் கூடாது. விடுமுறைக்குப் பின் இக்குழுக்களில் ஆசிரியர்கள் மட்டுமே பதிவிட இயலும். பெற்றோர் தமக்குள் அமைத்துக்கொண்ட குழுக்கள் எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல. ஆயினும் பள்ளியின் பெயர் தாங்கிய எந்தக் குழுவுக்கும் இதே நெறியை எதிர்பார்க்கிறோம். அக்காணொளியில் இருந்தவர்கள் தம் மிக மோசமான நேரத்தைப் பிறர் பார்க்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

அதை அனுப்பியவர் யார் என்று எவரும் தேட வேண்டாம். அக்கறையால்தான் அனுப்பினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே காணொளி எங்கள் ஆசிரியர் குழுவிலும் வந்தது. நானும் அன்றிரவு ஒரு மணி வரை செய்தி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலை வழிபாட்டில் காரணமின்றிக் குழந்தைகளிடம் சிடுசிடுத்தேன். ஆகவே இது உங்களுக்கு மட்டுமான அறிவுரை அன்று. கைபேசியில் காணொளிகள் தாமாகவே பதிவிறங்கும் வசதியை அணைத்து வைப்பதும், குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் செய்தி அலைவரிசையை ஓடவிடாதிருப்பதும் நாம் உடனே செய்யக்கூடியவை.

பள்ளி திறந்த பின் வரும் முதல் சனிக்கிழமை காலை, பெற்றோருக்கென அரைமணி நேர மூச்சுப் பயிற்சி வகுப்பை யோகா ஆசிரியர் நடத்துவார். தரையில் அமர இயலாதவர்களுக்கு நாற்காலிகள் இருக்கும். குழந்தைகளையும் அழைத்து வரலாம். வீட்டில் குழந்தை சொன்னதைத் தயங்காமல் வகுப்பாசிரியரிடம் தெரிவித்த பெற்றோர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. நீங்கள் சொல்லியிராவிட்டால், அந்த வயிற்றுவலிகளுக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

விடுமுறை நல்லபடியாக அமையட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்