பல்லைப் பார்ப்பவர்கள் நாக்கையும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் மருத்துவரிடம் எதற்காகச் சென்றாலும், வாய் முழுவதையும் புற்றுநோய் அறிகுறிகளுக்காக ஒருமுறை பார்த்து, அதை ஓ.பி. சீட்டில் ஒரு வரியாகக் குறிப்பதைச் சென்னையிலுள்ள அரசு, தனியார் பல் மருத்துவமனைகள் அனைத்தும் வழக்கமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை போட்டுவந்த என் அண்ணனுக்கு நாக்கின் வலது ஓரத்தில் ஒரு புண் வந்தது. வலி இல்லாததால் அவர் பொருட்படுத்தவில்லை. உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரையும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையுமாக ஒரு மாதம் ஓடியது. பிறகு வீட்டருகே ஒரு பல் கிளினிக்குக்குப் போனபோது, கடைவாய்ப் பல்லின் கூர் உரசுவதாகச் சொல்லி அதை ராவிவிட்டு, தடவிக்கொள்ள ஒரு ஜெல்லும் கொடுத்து அனுப்பினார்கள். பல் உரசிப் புண் வருவது உண்டுதான், ராவியதில் தவறில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் திரும்ப வரவேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் சதைப் பரிசோதனைக்குப் போனோம். நாக்கில் ஒரு பகுதியை எடுத்து அண்ணன் பிழைத்துக்கொண்டார். பேத்தியின் பெயரிலுள்ள ழகரம் மட்டும் இன்றுவரை அவர் வாயில் வருவதில்லை.

வலித்தால்தான் பல் டாக்டர் என்பது நம் வழக்கம். வாய்ப் புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கன்னத்தின் உட்புறம் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவை புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கக்கூடும். "புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்" என்பவர்களும் தப்ப முடியாது. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. (பாக்கும் புகையிலையும் கலந்த மாவா தடை இருந்தும் கிடைப்பதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம்தான் எழுத வேண்டும்.)

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் அதன் முடிவு வெளியானது. முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இச்சோதனை செய்ய வேண்டும் என்பது 2016 முதல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. வீடு தேடி வந்தவர்களால் செய்ய முடிந்ததை, நோயாளியை நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, கையில் கண்ணாடியும் வைத்திருக்கும் பல் மருத்துவரால் செய்ய முடியாதா?

சென்ற மாதம் பல் கிளீனிங்குக்குப் போனபோது நானே வாய்விட்டுக் கேட்டேன். அந்த இளம் மருத்துவர் என் நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இருபுறமும் திருப்பிப் பார்த்து, நாக்கின் அடியிலும் கழுத்திலும் விரலால் தடவிப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்டணமும் கிளீனிங்குக்கு மட்டும்தான் வாங்கினார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பெரம்பூர், சென்னை.