அது பாவாடை இல்லை, ஐயா

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூலை 6ஆம் தேதி உலகச் செய்திகள் பக்கத்தில், கீழே இடது மூலையில், பிரிட்டன் பொதுத்தேர்தல் படம் ஒன்று போட்டிருந்தீர்கள். வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் ஒருவர், ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட கம்பளி உடையான கில்ட் கட்டிக்கொண்டு வாக்குச்சாவடி வாசலில் நிற்கிறார். படத்துக்குக் கீழே "பாவாடை கட்டி வந்து ஓட்டுப் போட்ட இங்கிலாந்து தாத்தா" என்று ஒரு வரி. ஒரு வரிக்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று உங்களுக்குத் தோன்றலாம். நாலு நாளாக அது மனசை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஏழு வார்த்தையில் இரண்டு தப்பு. அது பாவாடை இல்லை. அவர் இங்கிலாந்துக்காரரும் இல்லை. படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எடின்பரோ என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். எடின்பரோ ஸ்காட்லாந்தின் தலைநகரம் என்பது உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தே இப்படி அச்சேறியதுதான் எனக்கு வலிக்கிறது.

நான் திருநெல்வேலிக்காரன். 24 வருடமாக எடின்பரோவில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 79 வயது. எந்தத் தேர்தலானாலும் கில்ட் கட்டாமல் அவர் ஓட்டுப் போடப் போனதே இல்லை. முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு மேசை மேல் அதை விரிப்பார். அவருடைய அப்பா கட்டிய கில்ட் அது, 8 கஜம் கம்பளித் துணி. முன்பக்கம் தட்டையாக இருக்கும், பின்பக்கம் முழுக்கக் கொசுவம். ஒவ்வொரு கொசுவத்தையும் விரலால் நீவி, கட்டத்தோடு கட்டம் சேருகிறதா என்று பார்த்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி போடுவார். ஓரிடத்தில் பூச்சி அரித்த ஓட்டை உண்டு, காலமான அவர் மனைவி இழையோட்டி அடைத்தது. அந்த இடம் வரும்போது மட்டும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிவிட்டுக் கையாலேயே அழுத்திவிடுவார். இதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உங்கள் வரியைப் படித்தபோது எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

இந்த ஜூலை 4ஆம் தேதியும் காலை 7 மணிக்குக் கதவு திறக்கும்போதே அவரும் நானும் சர்ச் மண்டபத்து வாசலில் நின்றோம். பொதுத்தேர்தலில் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று வந்தது இதுதான் முதல் தடவை. கில்ட்டுக்குப் பை கிடையாது, இடுப்பில் சங்கிலி போட்டு ஸ்போரன் என்ற தோல் பையை முன்னால் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அதைத் திறந்து முதியோர் பஸ் பாஸை எடுத்து நீட்டினார். மேசையில் இருந்த பெண் அட்டையையும் முகத்தையும் பார்த்துவிட்டு வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். உடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலுறையில் செருகும் சின்னக் கத்தியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தேசிய உடையோடு அதை வைத்துக்கொள்ள ஸ்காட்லாந்துச் சட்டம் இடம் தருகிறது, ஆனாலும் ஓட்டுப் போடுகிற இடத்துக்கு எதற்கு என்பார். நம் ஊரில் கரை வேட்டி கட்டி பூத்துக்கு வந்தால் சண்டை வரும், ஏனென்றால் கரை கட்சியைச் சொல்லும். கில்ட்டின் கட்டம் எந்தக் கட்சியையும் சொல்வதில்லை, குடும்பத்தையும் வட்டாரத்தையும் சொல்லும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1746 ஏப்ரலில் கல்லோடன் போரில், அரசருக்கு எதிராகக் கிளர்ந்த ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படை தோற்ற பிறகு, அதே வருடம் லண்டன் நாடாளுமன்றம் இந்த உடையைத் தடை செய்து சட்டம் போட்டது. 1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் ராணுவத்தில் இருப்பவரைத் தவிர எந்த ஆணும், எந்தச் சிறுவனும் கட்டக் கூடாது. ஆண், சிறுவன் என்றுதான் சட்டத்திலேயே இருக்கிறது, ஐயா. தடை போட்டவனுக்குக்கூட அது ஆம்பளை உடுப்பு என்று தெரிந்திருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால் ஜாமீன் இல்லாமல் 6 மாதச் சிறை. மறுபடி பிடிபட்டால் 7 வருடம் கடல் தாண்டி நாடுகடத்தல். 1782இல்தான் அந்தத் தடை விலகியது. எடின்பரோ போன்ற தாழ்நிலத்து ஊர்க்காரர்களும் இதைத் தங்கள் உடையாக எடுத்துக்கொண்டது அதற்கும் பிறகு, 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் இங்கே வந்துபோன சமயத்தையொட்டி. எந்த நாடாளுமன்றம் இந்தத் துணிக்காக ஆளைச் சிறையில் போட்டதோ, அதற்கு ஸ்காட்லாந்திலிருந்து 57 உறுப்பினர்களை அனுப்பும் தேர்தலில் அதே துணியைக் கட்டிக்கொண்டு ஒருவர் நடந்து வந்து ஓட்டுப் போடுகிறார். உங்கள் படத்தில் இருந்த செய்தி அதுதான். அதைவிட்டுவிட்டுப் பாவாடை என்று எழுதினால் எப்படி?

கோபத்தோடு கோபமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது, வேட்டி கட்டியவரைத் தடுத்தால் உரிமத்தையே ரத்து செய்யலாம் என்று. அப்போது உங்கள் பத்திரிகை எழுதிய தலையங்கத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். உடையை இழிவு செய்வது மனிதரை இழிவு செய்வது என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, ஏனென்றால் 90களில் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் என் அப்பாவை அப்படித்தான் நிறுத்தினார்கள். வெள்ளை வெளேரென்று கஞ்சி போட்ட வேட்டி. காவலாளி என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார், அப்பாவைப் பார்க்கவே இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் ரோட்டுக்கு இறங்கி, எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வேட்டிக்காக வரிந்து எழுதிய பத்திரிகைதானே இன்னொருவருடைய அப்பாவின் உடையைப் பார்த்துச் சிரிக்கிறது?

அதே 2014 செப்டம்பர் 18இல் ஸ்காட்லாந்து தனி நாடாகலாமா என்று இங்கே பொது வாக்கெடுப்பு நடந்தது. என்னிடம் அப்போது இந்திய பாஸ்போர்ட்தான், ஆனால் இங்கே குடியிருக்கும் காமன்வெல்த் குடிமகன் என்பதால் எனக்கும் ஓட்டு இருந்தது. "நான் என் உடையில் வருகிறேன், நீ உன் உடையில் வா" என்றார் பெரியவர். தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் பட்டு வேட்டியை பீரோவிலிருந்து எடுத்துக் கட்டினேன், காலெல்லாம் குளிர். அன்று சாவடியில் 16 வயதுப் பிள்ளைகளெல்லாம் வரிசையில் நின்றார்கள். 84.6 சதவீதம் ஓட்டு விழுந்த நாள் அது. இவர் எந்தப் பக்கம் போட்டார் என்று நான் கேட்டதில்லை, அவரும் என்னைக் கேட்டதில்லை. மறுநாள் 55.3 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லியிருந்ததாக முடிவு வந்தது. அதை நீங்கள் "இங்கிலாந்தை விட்டுப் பிரிய மாட்டோம்" என்று தலைப்பு வைத்துப் போட்டீர்கள். இங்கிலாந்து வேறு, பிரிட்டன் வேறு என்று அப்போதே கடிதம் எழுதினேன். நீங்கள் போடவில்லை. சரி, இடம் இருந்திருக்காது என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு ஞாயிறு இணைப்பில் கில்ட்டுக்குள்ளே என்ன போடுவார்கள் என்று கார்ட்டூனோடு அரைப் பக்கம் வந்தது. அதற்கும் எழுதினேன். அதுவும் வரவில்லை. இந்தத் தேர்தலிலும் வாரம் முழுக்க "இங்கிலாந்து தேர்தல்" என்றே போட்டீர்கள். இங்கிலாந்தோடு ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து மூன்றும் ஓட்டுப் போட்ட தேர்தல் அது.

நான் கேட்பது சின்ன விஷயம். இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். படத்தில் இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரர், அவர் கட்டியிருந்தது கில்ட், அது அங்கே ஆண்களின் உடை. இதற்கு மேல் வேண்டாம். இனிமேல் எழுதும்போது கில்ட் என்றே எழுதுங்கள். கிமோனோவை நீங்கள் கிமோனோ என்றுதானே எழுதுகிறீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் என் கைப்பேசியில் திறந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சந்தோஷம். உங்கள் ஊர்ப் பத்திரிகையில் எங்களைப் போட்டிருக்கிறார்களே, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "ஸ்காட்லாந்து வாக்காளர்" என்று எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டேன். 79 வயது மனிதரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். திருத்தம் வந்தால் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, உள்ளதை உள்ளபடி வாசித்துக் காட்ட வேண்டும். எந்தத் தேதியில் போடுகிறீர்கள் என்று மட்டும் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
எடின்பரோ